மேற்கோள் குறைவு, பயன் நிறைய: விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

கேள்வி: தர்மபுரி பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். நிலத்தடி நீரில் ஃபுளூரைடு பற்றித்தான் என் பிஎச்.டி. ஒரு ஒன்றியத்தின் கிராமங்களில் இருக்கும் ஆழ்துளைக் கிணறு, அடிபம்பு எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துச் சோதித்தேன். கட்டுரை ஒரு சின்ன இந்திய ஆய்விதழில் வந்தது, ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இல்லை. கூகுள் ஸ்காலரில் 9 மேற்கோள் (என் கட்டுரையைச் சுட்டிய பிற கட்டுரைகள்) காட்டுகிறது, அதில் 3 நானே என் பிற கட்டுரைகளில் போட்டது. ஆனால் என் அட்டவணையைப் பார்த்து இரண்டு ஊராட்சிகளில் அடிபம்புகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து, 'குடிக்க உகந்ததல்ல' என்று எழுதி வைத்தார்கள். ஒரு அரசு அலுவலகம் தன் அறிக்கையில் அதே அட்டவணையைப் போட்டிருக்கிறது, என் பெயர் இல்லாமல். தமிழ் நாளிதழிலும் செய்தி வந்தது. இப்போது ஒரு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கிறேன். அதில் 'உங்கள் முந்தைய ஆய்வின் தாக்கம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. "ஆல்ட்மெட்ரிக் ஸ்கோர் போடுங்க, ஸ்டூடண்ட்ஸை ட்வீட் பண்ணச் சொன்னா ஏறிடும்" என்கிறார் உடன் வேலை பார்க்கும் நண்பர். தேடிப் பார்த்தால் என் கட்டுரைக்கு ஸ்கோரே இல்லை. அடுத்த மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் மேடம். ட்வீட் யோசனையை முதலில் ஒதுக்கி வையுங்கள். அந்த ஸ்கோரைவிடப் பெரிய விஷயம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் அதற்கான காகிதம் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை வந்தது அந்த இடத்தில்தான். 9 மேற்கோளைப் பார்த்து இல்லை.

ஸ்கோர் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஆய்விதழ்த் தளங்களில் பல வண்ண வளையமும் நடுவே ஒரு எண்ணும் பார்த்திருப்பீர்கள். 2011ல் தொடங்கிய ஆல்ட்மெட்ரிக் என்ற லண்டன் நிறுவனம் தருவது அது. ஒரு கட்டுரை எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று தேடி, இடத்துக்கு ஏற்ப மதிப்புப் போட்டுக் கூட்டுகிறார்கள். செய்தித் தளத்தில் வந்தால் சுமாராக 8. வலைப்பதிவு என்றால் 5. அரசுக் கொள்கை ஆவணம், காப்புரிமை, விக்கிப்பீடியா ஒவ்வொன்றுக்கும் 3. எக்ஸ் தளப் பதிவுக்குக் கால் (0.25). அதாவது ஒரு நாட்டின் கொள்கை ஆவணத்தில் உங்கள் கட்டுரை ஏறினால் கிடைப்பது, ஒரு செய்திக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. இதற்காக நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. 'கவன மதிப்பெண்' என்றுதான் அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைத் தாக்கம் என்று படிப்பவர்கள் நாம்தான்.

நாற்பது மாணவர்கள் பதிவு போட்டால்கூட 10தான் வரும். அந்த எண்ணைச் சொடுக்கினால் யார் யார் போட்டார்கள் என்ற விவரமும் திறந்துகொள்ளும். தேர்வுக் குழுவில் ஒருவர் சொடுக்கினாலும் போதும், உங்கள் கல்லூரிப் பெயரோடு கணக்குகள் வரிசையாக நிற்கும். இருக்கிற நல்ல பெயரையும் அது கெடுத்துவிடும்.

உங்கள் கட்டுரைக்கு ஸ்கோரே வராததற்குக் காரணம் உண்டு. டிஓஐ மாதிரியான நிரந்தர அடையாள எண்ணை வைத்துத்தான் இந்தக் கருவிகள் தேடுகின்றன. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய, கட்டுரையின் முதல் பக்கத்தில் டிஓஐ இல்லை. நம் ஊர் நிருபர் 'கல்லூரிப் பேராசிரியை ஆய்வில் அதிர்ச்சித் தகவல்' என்று எழுதுவார். இதழின் பெயரும் போட மாட்டார், இணைப்பும் கொடுக்க மாட்டார். ஊராட்சி அலுவலகக் கோப்பும் அடிபம்பின் சிவப்பு வண்ணமும் எந்த மென்பொருளின் கண்ணிலும் படாது. இந்தக் கருவிகளுக்கு எட்டுவது இணையத்தில், அதிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிற பேச்சுதான்.

அதனால் மேற்கோள் கணக்கே மேல் என்று சொல்ல வரவில்லை. ஆய்விதழ்களை அளக்கும் இம்பாக்ட் ஃபேக்டர் என்ற எண் எங்கள் நூலகத் துறைக்குள்ளே பிறந்த சரக்கு, அதனால் உரிமையோடு குறை சொல்கிறேன். யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை 1955ல் சயன்ஸ் இதழில் எழுதினார். எந்த இதழ்களை அந்த அட்டவணையில் சேர்ப்பது என்று பார்க்க, 1960களில் இந்த எண் உருவானது. ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைத்தது, அவ்வளவுதான் கணக்கு. எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று முடிவெடுக்க நூலகர்களுக்கு அது உதவியது. ஒரு மனிதருக்குப் பதவி உயர்வு கொடுக்கலாமா என்று பார்க்கிற அளவுகோலாக அதைப் பிற்பாடு மாற்றிவிட்டார்கள். 2005ல் இயற்பியலாளர் ஹிர்ஷ் சொன்ன ஹெச்-இன்டெக்ஸ் ஆளை அளப்பதற்கென்றே வந்தது. ஒருவரின் எத்தனை கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்ற எண் அது. ஆனால் ஒரே ஒரு கட்டுரை மட்டும் எழுதி ஊருக்கு வேலை செய்தவரை அது ஒருநாளும் 1க்கு மேல் காட்டாது. 'இதழின் எண்ணை வைத்து ஆளை எடை போடாதீர்கள்' என்று கேட்கும் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2013ல் வந்தது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நம் ஊர் நேர்காணல்களில் முதல் கேள்வி இன்னமும் "எத்தனை ஸ்கோபஸ்?" என்பதுதான்.

மேற்கோளுக்கு வெளியே பார்க்கச் சொன்னவர்களின் எண்ணம் நல்ல எண்ணம்தான். 2010 அக்டோபரில் ஜேசன் பிரீமும் வேறு மூவரும் ஒரு சிறு அறிக்கை எழுதினார்கள். ஆல்ட்மெட்ரிக்ஸ் என்ற பேச்சு பரவியது அதிலிருந்துதான். மேற்கோள் வர ஆண்டுக்கணக்கில் ஆகும். அதற்குள் படிக்கிறார்கள், சேமிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள். அந்தத் தடயங்களையும் பாருங்கள் என்றார்கள். தடயத்தைப் பார்க்கச் சொன்னதில் தப்பில்லை, அதைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கியபோதுதான் கோளாறு வந்தது. 1998ல் லான்செட் இதழில், 12 குழந்தைகளை வைத்து, தட்டம்மைக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு ஒரு கட்டுரை வந்தது. 2010ல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. மேற்கோளிலும் சரி, இணையக் கவனத்திலும் சரி, பெரும்பாலான நல்ல கட்டுரைகள் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதை நம்பிப் பெற்றோர்கள் ஊசி போடாமல் விட்டார்கள், பிரிட்டனில் தட்டம்மை மறுபடி தலைதூக்கியது. அதுவும் தாக்கம்தான். எண்ணைப் பார்த்து எது எந்த மாதிரித் தாக்கம் என்று பிரிக்க முடியாது.

சரி, உண்மையான தாக்கம் எப்படி இருக்கும்? வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம், சென்னையிலேயே இருக்கிறது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து தொடங்கிய மையம். காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், சத்தான சாப்பாடு வேண்டும் என்று உலகமே நம்பிய காலம் அது. நோயாளிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்தியாவில் படுக்கைகள் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையிலான குழு ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது: அதே மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் என்ன ஆகும்?

நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறு பாதி அவரவர் வீட்டில். இரு பக்கமும் அதே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெருக்கடியான அறை, அரைகுறைச் சாப்பாடு. ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் உள்ளவர்களுக்கு நோய் தொற்றுவதும், பின்னர் ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், அதனால் கூடவில்லை. 1959ல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் முடிவு வெளிவந்தது. இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் 1962ல் வந்தபோது, வீட்டிலிருந்தே வந்து மருந்து வாங்கிப் போகும் முறைதான் அதன் அடிப்படை. மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன, அல்லது வேறு நோய்களுக்கான மருத்துவமனைகளாக மாறின.

இந்தக் கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று தேடினால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணில் மூடிய சானடோரியம் ஒன்றுகூடத் தெரியாது. பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட உண்மைக்கு யாரும் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்ட மாட்டார்கள். பெரிதாக வென்ற ஆய்வு மேற்கோள் பட்டியலிலிருந்து மெல்லக் காணாமல் போவதும் உண்டு. அப்படியானால் அதன் தாக்கம் நமக்கு எப்படித் தெரிகிறது? திட்ட ஆவணங்கள், கமிட்டி அறிக்கைகள், வழிகாட்டி நூல்கள் ஆகியவற்றை நிறுவனங்கள் பத்திரப்படுத்தி வைத்ததால். உங்களுக்கு அப்படி எடுத்து வைக்க யாரும் இல்லை. நீங்களேதான் சேர்க்க வேண்டும்.

என்ன சேர்ப்பது என்பதற்கு பிரிட்டனின் முறை ஒரு நல்ல அச்சு. அங்கே பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும் ஆர்இஎஃப் கணக்கெடுப்பில், கல்வி உலகத்துக்கு வெளியே ஏற்பட்ட மாற்றத்துக்கு 2014ல் 20 சதவீத மதிப்புக் கொடுத்தார்கள், 2021ல் அதை 25 ஆக்கினார்கள். எண் கேட்கவில்லை, சில பக்கக் கதை கேட்டார்கள். 2014ல் மட்டும் கிட்டத்தட்ட 7,000 கதைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சுருக்கம், அடிப்படையான ஆய்வு, அந்த ஆய்வின் வெளியீடுகள், என்ன மாறியது, அதற்கு வெளி ஆதாரம் என்று ஐந்து பகுதி. (இதிலும் கூத்து உண்டு. கதை எழுதித் தரவே பல்கலைக்கழகங்கள் ஆள் வைத்துவிட்டன.) ஆனால் அந்த ஐந்தாவது பகுதி தங்கம். 'நான் சொல்கிறேன்' என்பது அங்கே செல்லாது, பயன்படுத்தியவர் சொல்ல வேண்டும். உங்கள் விண்ணப்பத்தின் தாக்கப் பகுதியையும் இதே வரிசையில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். நம் ஊரில் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை கட்டுரை, மேற்கோள், காப்புரிமை, திட்ட நிதி என்று எண்களைத்தான் கேட்கும், அங்கே இது எடுபடாது. கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் மதிப்பீட்டில் விரிவாக்கப் பணி என்ற பகுதி உண்டு. உங்கள் கல்லூரியின் ஐக்யூஏசி (தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரு நகல் கொடுத்து வையுங்கள், சந்தோஷப்படுவார்.

இனி காகிதங்கள். அந்த அரசு அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். பெயர் போடவில்லை என்று சண்டைக்குப் போக வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் (ஆர்டிஐ) சட்டப்படி 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு: இன்ன அறிக்கையின் இன்ன பக்கத்து அட்டவணையின் மூலம் எது, அதையொட்டிப் பிறப்பித்த உத்தரவுகளின் நகல் வேண்டும். இரண்டு கேள்வி போதும், நீட்டினால் பதில் மழுப்பலாக வரும். கூடவே உங்கள் அட்டவணையையும் அவர்களுடையதையும் பக்கத்தில் வைத்துத் தசமப் புள்ளி வரை ஒப்பிடுங்கள். உங்கள் கட்டுரையில் ஏதாவது அச்சுப்பிழை இருந்து அது அங்கேயும் அப்படியே வந்திருந்தால், அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது! தனியாக அந்த அலுவலகத்துக்கு, அடுத்த பதிப்பில் மூலத்தைக் குறிப்பிடுமாறு பணிவாக ஒரு கடிதமும் போடலாம்.

அடுத்து அந்த இரண்டு ஊராட்சிகள். வண்ணம் அடிக்க யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும், யாரோ செலவு எழுதியிருக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடிய கிராம சபைகளில் குடிநீர்ப் பேச்சு வந்திருக்க வாய்ப்பு அதிகம், அங்கிருந்து புரட்டுங்கள். ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் ஒரு கடிதம் வாங்குங்கள். பாராட்டுக் கடிதம் வேண்டாம். 'பேராசிரியையின் சேவை போற்றத்தக்கது' என்று எழுதித் தருவார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எந்த அட்டவணை, எந்தத் தேதியில் கையில் கிடைத்தது, அதன்பேரில் எத்தனை பம்புகளில் என்ன செய்தோம், அதற்கு முன் அங்கே என்ன நிலை: இந்த நான்கும் இருந்தால் மூன்று வரிக் கடிதம்கூடப் போதும். அப்போதைய தலைவர் இப்போது பதவியில் இல்லாவிட்டாலும் அவர் கையெழுத்துக்கு மதிப்பு உண்டு. அதிகாரிகள் மாற்றலாகிப் போனால்தான் கஷ்டம், அதனால் தள்ளிப் போடாதீர்கள். செய்தித்தாள் நறுக்கைத் தேதியும் பதிப்பும் தெரிகிற மாதிரி முழுப் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள்.

அந்த 6 வெளி மேற்கோள்களையும் ஒருமுறை திறந்து பாருங்கள். யார் அவர்கள்? அதே மாவட்டத்தில் தொடர்ந்து ஆய்வு செய்தவரா, பல் மருத்துவரா, பொறியாளரா? வேதியியலுக்கு வெளியே ஒருவர் பயன்படுத்தியிருந்தால் அந்த ஒன்றே ஆறைவிடப் பெரிது. ஷோத்கங்காவில் உள்ள முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் உங்கள் பெயரைத் தேடுங்கள். மேற்கோள் தளங்களுக்கு எட்டாதவை அங்கே கிடைக்கும். விண்ணப்பத்தில் '9 (சொந்த மேற்கோள் 3 உட்பட)' என்றே போடுங்கள். இப்படிப் போடுகிறவர்கள் குறைவு, குழுவில் இருப்பவர்களுக்கு அது உடனே தெரியும்.

டிஓஐ குறையைச் சரிசெய்ய முடியும். ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ தளத்தில் இலவசமாகத் தரவுகளை ஏற்றலாம், ஏற்றியதும் டிஓஐ கிடைக்கும். உங்கள் கிணற்றுவாரி அளவுகள், மாதிரி எடுத்த மாதம், சோதித்த முறை எல்லாவற்றையும் ஒரு எக்செல் கோப்பாகப் போடுங்கள். கட்டுரையையும் ஏற்றலாமா என்பதை இதழின் விதியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை: எந்த ஊர், எந்தப் பம்பு, எவ்வளவு, கீழே உங்கள் பெயரும் டிஓஐயும். அலுவலகங்களில் உங்கள் பெயர் விட்டுப்போவதற்குப் பெரும்பாலும் கெட்ட எண்ணம் காரணமில்லை. அட்டவணை மட்டும் வாட்ஸ்அப்பில் கைமாறும்போது தலைப்பும் பெயரும் வெட்டுப்பட்டுவிடும். பெயரை அட்டவணைக்கு உள்ளேயே, கடைசி வரியில் போட்டுவிட்டால் அதுவும் கூடவே போகும்.

இப்போது கடினமான பகுதி. 'என் ஆய்வால் ஃபுளூரோசிஸ் (ஃபுளூரைடு மிகுந்த தண்ணீரால் பல்லும் எலும்பும் கெடுவது) குறைந்தது' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் மாவட்டத்துக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013லிருந்து வருகிறது. அந்தத் திட்டமே ஃபுளூரைடு பாதிப்பைக் குறைக்க வந்ததுதான். குழுவில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கும். உங்கள் பங்கு வேறு. குழாய்த் தண்ணீர் வராத நாளில் மக்கள் திரும்பிப் போகிற பம்புகளில் எவை ஆபத்து என்று காட்டியது நீங்கள். அதை அந்த அளவிலேயே சொல்லுங்கள், வலுவாக நிற்கும். எந்த எல்லையை வைத்துச் சிவப்பு அடித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பம்புகளை ஊராட்சி என்ன செய்தது என்பது சுவாரசியமான கேள்வி.

இன்னொன்று, இதை யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்: வண்ணம் அடித்த பிறகு மக்கள் அந்தத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார்களா? வண்ணம் அடித்தது ஊராட்சியின் செயல், அவ்வளவுதான். பாத்திரம் கழுவ மட்டும் பிடிக்கிறார்களா, பக்கத்துத் தெருவுக்கு நடக்கிறார்களா, சிவப்பு மங்கியதும் பழையபடி குடிக்கிறார்களா என்று தெரிந்தால்தான் தாக்கம் தெரியும். நிறுத்தியிருந்தால் உங்கள் விண்ணப்பத்தின் மிகச் சிறந்த வரி அதுவாக இருக்கும். நிறுத்தவில்லை என்றாலும் மறைக்காமல் எழுதுங்கள். தகவல் தெரிந்தும் பழக்கம் ஏன் மாறவில்லை என்பது நீங்கள் நிதி கேட்கிற புதிய திட்டத்துக்கு நல்ல கேள்வி.

எழுதும்போது தொனி ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: 'இன்ன ஒன்றியத்தின் குடிநீர் ஆதாரங்களில் ஃபுளூரைடு அளவைக் கிணற்றுவாரியாக வெளியிட்டோம் (தரவு: டிஓஐ). இதன் அடிப்படையில் இரு ஊராட்சிகள் இத்தனை அடிபம்புகளைக் குடிக்க உகந்தவை அல்ல என்று அறிவித்தன (இணைப்பு 1, 2). எங்கள் அட்டவணை இன்ன அரசு அறிக்கையில் இடம்பெற்றுள்ளது (இணைப்பு 3). இன்ன மாதம் நேரில் பார்த்தபோது, அவற்றில் இத்தனை பம்புகள் குடிநீருக்குப் பயன்படவில்லை. மீதியில் பயன்பாடு தொடர்கிறது.' பெயரடை ஒன்றுகூட வேண்டாம்.

ஆர்டிஐக்குப் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, உங்கள் கடைசித் தேதியோ அடுத்த மாத முடிவு. அதனால் மனுவை இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில் போடுங்கள். பதில் வராவிட்டால் மனுவின் நகலையும் இரண்டு அட்டவணைகளின் ஒப்பீட்டையும் இணைத்தால் போதும். பம்புகளைப் பார்க்கப் போவதை ஒரு விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பிடிக்கிற நேரத்தில் போனால், யார் எதில் பிடிக்கிறார்கள் என்பது கேட்காமலே தெரியும். பகலில் போய்க் கேட்டால் "நாங்க அதைக் குடிக்கிறதே இல்லீங்க" என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.